ஏதென்ஸ் நகரின் தானியக் காவலர்

அட்டிக்கா நாட்டு நிலம் மெலிந்தது. ஒலிவமும் வாற்கோதுமையும் விளைந்தனவேயன்றி, ஏதென்ஸ் மக்கள் அனைவருக்கும் போதிய கோதுமை அங்கே விளையவில்லை. கருங்கடற் பகுதியினின்று கப்பல் வாராவிடின் நகரம் பட்டினி கிடக்க நேரும். இந்நிலையில், கி.மு. நான்காம் நூற்றாண்டில் அந்நகரத்தார் உணவுச் சந்தையை ஆண்ட முறை நோக்கத்தக்கது.

ஒரே அதிகாரியிடம் அவர்கள் அதனை ஒப்படைக்கவில்லை. அரிஸ்டாட்டில் பெயரால் வழங்கும் 'ஏதென்ஸ் அரசியலமைப்பு' என்னும் நூல், சீட்டுக் குலுக்கித் தேர்ந்த பல குழுவினரைக் கூறுகின்றது. அளவைக் காவலர் 10 பேர். துறைமுகச் சந்தைக் கண்காணிப்பாளர் 10 பேர். கடல்வழி வந்த தானியத்தில் மூன்றில் இரு பங்கை வணிகர் நகருக்குக் கொணருமாறு செய்வது இவர் பணி. தானியக் காவலரோ முதலில் 10 பேராக இருந்து, பின்னர் 35 பேராயினர். தானியம் நேரிய விலைக்கு விற்கின்றதா, கோதுமை விலைக்கு ஏற்ப ரொட்டி விற்கின்றதா எனப் பார்ப்பதோடு, ரொட்டியின் எடையையும் இவர்களே வரையறுத்தனர்.

இவ்வமைப்பு எங்கே இடறிற்று என்பதை, கி.மு. 386-ஐ ஒட்டி நடந்த வழக்கொன்றுக்கு லிசியாஸ் எழுதிய உரை காட்டுகின்றது. சில்லறை வணிகர் ஒருவர் 50 கூடைக்கு மேல் வாங்குதல் கூடாது. வாங்கிய விலைக்கு மேல் ஓர் ஓபல் காசுதான் ஆதாயம் கொள்ளலாம். மீறினால் மரண தண்டனை! போட்டியால் துறைமுகத்தில் விலை ஏறவே, அனிட்டஸ் என்னும் தானியக் காவலர், ஒருவரோடொருவர் போட்டியிட்டு வாங்காதீர் என்று வணிகரிடம் கூறினார். அவர்களோ ஒன்றுகூடி வாங்கிப் பதுக்கினர் என்பது குற்றச்சாட்டு. கப்பல்கள் மூழ்கின, பகைவர் கைப்பற்றினர் என்று புரளி கிளப்பி விலையேற்றுவார் என்றும் உரை சாடுகின்றது.

அனிட்டஸ் சொன்னது தீய அறிவுரையன்று. கப்பல் வணிகரிடம் மலிவாக வாங்கினால் மக்களுக்கும் மலிவாகும் என்றே அவர் எண்ணியிருத்தல் கூடும். ஆயின் விலையைத் தணிக்கக் கூடிய கூட்டே பதுக்கவும் கூடும் அன்றோ? வணிகரை அடக்கத் தவறிய காவலர் பலர் முன்பே மரண தண்டனை பெற்றனர் என்று அவ்வுரையே கூறுவதால், அப்பதவியின் இடர் விளங்கும்.

1986-இல் ஏதென்ஸ் அகழ்வில் கிடைத்த கல்வெட்டு, கி.மு. 374-ஆம் ஆண்டுச் சட்டமொன்றைத் தருகின்றது. லெம்னோஸ், இம்பிரோஸ், ஸ்கைரோஸ் தீவுகளின் வரி தானியமாகவே நகருக்கு வந்து பொதுவிடத்தில் சேமிக்கப்பட்டது. விற்பதற்குரிய பதின்மரைச் சீட்டால் அன்றி வாக்கால் தேர்ந்தனர். விலையை மக்கள் அவையே குறித்தது.