எஞ்சின் மாற்றம் (பழைய கார்கள்)

எஞ்சின் மாற்றம் என்பது, ஆலை பொருத்தி அனுப்பிய எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறு மாடலின் எஞ்சினையோ வேறு நிறுவனத்தின் எஞ்சினையோ காரில் பொருத்தும் வேலை. மேலைநாட்டு ஆர்வலர்களிடம் இதன் பெயர்பெற்ற வடிவங்களில் ஒன்று, எம்.ஜி. மிட்ஜெட் போன்ற சிறிய பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் மாஸ்டாவின் ரோட்டரி எஞ்சினை இறக்குவது. ஃபெலிக்ஸ் வாங்கெலின் கருத்திலிருந்து பிறந்த இந்த வகை எஞ்சின், 1957இல் ஜெர்மனியின் என்.எஸ்.யு. நிறுவனத்தில் முதன்முதலாக ஓடியது. இதில் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் இல்லை, வால்வும் இல்லை. முக்கோணச் சுழலி ஒன்று இடை ஒடுங்கிய கூட்டுக்குள் சுற்றுகிறது. இரண்டு சுழலிகள் கொண்ட 1,308 சி.சி. மாஸ்டா 13பி, தரும் சக்திக்கு மிகச் சிறியது. குட்டி பானெட்டுக்குள்ளும் அடங்கும். சுழலி முனைகளின் சீல் தேய்வதும், பெட்ரோலோடு ஆயிலையும் குடிப்பதும் அதன் குறைகள். மாற்றம் எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. 1967இல் வந்த என்.எஸ்.யு. ரோ 80 கார்களின் ரோட்டரி எஞ்சின் சீக்கிரமே படுத்துக்கொண்டதால், பிரிட்டனில் பலர் அதை எடுத்துவிட்டு ஃபோர்டின் வி4 எஞ்சினைப் பொருத்தி ஓட்டினார்கள். நீளம் குறைந்த அந்த இடத்துக்குள் நுழையக்கூடிய சில எஞ்சின்களில் அதுவும் ஒன்று.

ரோட்டரி எஞ்சின் இந்தியக் கார்களில் வேர் பிடிக்கவில்லை. தொழில்நுட்பம் எட்டாததால் அப்படி ஆயிற்று என்று சொல்லிவிட முடியாது. இந்திய ஆய்வுக்கூடங்கள் உருவாக்கிய 55 குதிரைத்திறன் வாங்கெல் ரோட்டரி எஞ்சின், நிஷாந்த் என்ற ஆளில்லா விமானத்தில் 2009 ஏப்ரலில் கோலாரிலுள்ள இரண்டாம் உலகப்போர்க் கால ஓடுதளத்தில் சோதிக்கப்பட்டது. சாலைக்கு மட்டும் அது இறங்கவில்லை. மாஸ்டாவின் பெயரே இங்கு 1980களில் சுவராஜ் மாஸ்டா என்ற டீசல் சிறு லாரியாகத்தான் அறிமுகமாயிற்று. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கிடைக்காத எஞ்சினைத் திண்டிவனத்து மெக்கானிக்கோ விழுப்புரத்து மெக்கானிக்கோ வண்டியில் ஏற்ற முன்வர மாட்டார். ஏற்றினால் நாளைக்கு கேஸ்கெட்டுக்கு எங்கே போவது? தமிழ்நாட்டில் எஞ்சின் மாற்றத்தை நடத்தியவை எரிபொருள் விலையும் இறக்குமதிக் கட்டுப்பாடுமே. வேகத்துக்கு அதில் சிறு பங்குதான். போர்க்காலப் பெட்ரோல் பங்கீட்டில் பேருந்துகள் கரிவாயுவில் ஓடின. பிறகு பெட்ரோல் லாரிகளுக்குள் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்கள் புகுந்தன. அவற்றைச் சென்னையில் தயாரித்தது சிம்ப்சன் நிறுவனம். 1903இலேயே நீராவிக் கார் ஒன்றைக் கட்டியதாகச் சொல்லப்படும் நிறுவனமும் அதுவே.

இந்த வரலாற்றில் மிக விரிவாகப் பேசப்பட்டிருப்பது, பட்டறையில் அல்லாமல் ஆலையிலேயே நடந்த ஒரு மாற்றம்: ஸ்டாண்டர்டு 2000. பிரிட்டனில் 1976இல் வெளிவந்த ரோவர் எஸ்.டி.1, டேவிட் பாஷ் வடிவமைத்த தாழ்ந்த மூக்கும் சரிந்த முதுகும் கொண்ட ஐந்து கதவுக் கார். அதன் 3.5 லிட்டர் வி8 எஞ்சின் 155 குதிரைத்திறன் தந்தது. 1977ஆம் ஆண்டுக்கான சிறந்த ஐரோப்பியக் கார் விருதும் அதற்கே கிடைத்தது. அந்த உடலை எடுத்துக்கொண்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 1985இல் சென்னைக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையிலிருந்த தன் ஆலையில் அதற்குள் வைத்தது 1,991 சி.சி. நான்கு சிலிண்டர் எஞ்சினை. இந்த எஞ்சினின் பரம்பரை ரசமானது. 1940களின் இறுதியில் வான்கார்டு காருக்காகப் பிறந்த அதன் குடும்பம் ஃபெர்குசன் டிராக்டரிலும் உழுதது, 1953இல் வந்த டிரையம்ஃப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காரிலும் பறந்தது. ஆகவே ஸ்டாண்டர்டு 2000ஐ ‘டிராக்டர் எஞ்சின் போட்ட கார்’ என்று கேலி செய்வது பாதி உண்மைதான். அதே நியாயப்படி டி.ஆர்.2ஐயும் அப்படி அழைக்க வேண்டியிருக்கும். உண்மையான குறை, கனமான அந்த உடலுக்கு எண்பதையொட்டிய குதிரைத்திறன் போதவில்லை என்பதே. இந்தியச் சாலைக்காக வண்டியை உயர்த்தியதில் அது தாழ்ந்து நின்ற அழகும் போயிற்று. கார் தோற்றதற்குக் காரணம் எஞ்சினா, விலையா, பெட்ரோல் செலவா என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. 1983இல் மாருதி 800 வந்தபிறகு வாங்குபவர்களின் கணக்கே மாறிவிட்டது என்போரும் உண்டு. எப்படியானாலும் 1988வாக்கில் உற்பத்தி நின்றது.

எஞ்சினைக் குறை சொல்வது நியாயமா என்று கேட்பவர்களுக்குப் பதில் காண்டெஸாவில் இருக்கிறது. வாக்ஸ்ஹால் விக்டரின் உடலை வைத்து 1984இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கொண்டுவந்த அந்தக் கார், தொடக்கத்தில் அம்பாசிடரின் 1,489 சி.சி. எஞ்சினோடு திணறியது. சில ஆண்டுகளில் இசுஸுவின் 1.8 லிட்டர் எஞ்சின் உள்ளே போனதும் அதே உடல் வேறு வண்டியாகிவிட்டது. 1990களின் தொடக்கத்தில் அம்பாசிடருக்கும் அந்த எஞ்சின் கிடைத்தது. ஆலையின் இந்தப் பாடத்தைச் சாலையோர ஷெட்டுகள் தம் வழியில் படித்தன. டாக்ஸிக்காரர்கள் கேட்டது டீசலை. பெட்ரோல் அம்பாசிடரில் மெட்டடார் வேனின் டீசல் எஞ்சின் ஏறியது அப்படித்தான். சென்னை–திருச்சி சாலையில் புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் வழி பிரியும் திண்டிவனம், அடுத்து ரயில் சந்திப்பான விழுப்புரம் போன்ற ஊர்களில் வாடகைக் கார் என்றாலே அம்பாசிடர் என்றிருந்த காலம் அது. செயின் பிளாக்கில் எஞ்சினைத் தூக்கி இறக்குவது வேலையில் சிறு பங்கே. புது எஞ்சினுக்கும் பழைய கியர்பாக்ஸுக்கும் நடுவே வரும் தகட்டை லேத்தில் கடைந்தெடுக்க வேண்டும். அதன் மையம் மயிரிழை விலகினாலும் கிளட்ச் அதிரும், கியர்பாக்ஸ் பேரிங் கத்தும். மவுண்டிங்கை வெட்டி ஒட்ட வேண்டும். ஆயில் சம்ப் குறுக்குச் சட்டத்தில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளத்தைத் திருத்தி பேலன்ஸ் செய்ய வேண்டும். கடைசியாக ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண்ணும் எரிபொருளும் மாற வேண்டும். ரோட்டரியை ஏற்றுவதற்கும் இதே கைத்திறன்தான் தேவை.

வேகத்துக்காக இங்கு யாரும் எஞ்சின் மாற்றவில்லையா என்ற ஆட்சேபம் எழலாம். சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களுக்கு வீட்டிலேயே கட்டிய ‘ஸ்பெஷல்’ வண்டிகள் வந்தன. கோவையின் கரிவர்தன் 1980களின் பிற்பகுதியில் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கினார். ஆனால் அங்கும் தேர்வானது எந்த ஊரிலும் உதிரிபாகம் கிடைக்கும் 796 சி.சி. எஞ்சின். வேகம் தேடியவர்களையும் கட்டிப்போட்டது கிடைப்பதன் எல்லையே.

அண்மைக் காலத்தில் சட்டம் இறுகியிருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு முரணான மாற்றம் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021இல் வந்த விண்டேஜ் வாகன விதிகளின்படி, 50 ஆண்டைக் கடந்த காரானாலும் எஞ்சினிலோ உடலிலோ பெரிய மாற்றம் கண்டிருந்தால் அந்தத் தகுதி கிடைக்காது. எனவே மெட்டடார் எஞ்சினோடு பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய பழைய அம்பாசிடர் ஒன்று, எவ்வளவு பழையதானாலும், விதியின் கண்ணில் விண்டேஜ் ஆகாது. மறுபக்கம், பழைய கார்களில் மின்மோட்டார் பொருத்தும் கிட்டுகளுக்கு இப்போது தனி ஒப்புதல் முறை உள்ளது.