கடைத்தெருவின் கதை: சுபாரு தேடிப் போன பெண்கள்

1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் சுபாரு கார் விலைபோகவில்லை. வாங்குகிற கொஞ்சப் பேராவது யார் என்று கொம்பனி ஆள் வைத்து விசாரித்தது. ஆசிரியர்கள், வைத்தியத்துறையினர் என்று வந்த பட்டியலில் யாரும் எதிர்பாராத ஒரு கூட்டமும் இருந்தது: பெண்ணோடு பெண்ணாகக் குடித்தனம் நடத்துபவர்கள். வேறு கொம்பனியென்றால் அந்தத் தாளை லாச்சிக்குள் போட்டுப் பூட்டியிருக்கும். சுபாரு அவர்களைத் தேடிப் போனது.

விளம்பரத்தில் வந்த கார் ஒன்றின் இலக்கத்தகட்டில் ‘ஸீனா லவ்வர்’ என்று சுருக்கி எழுதியிருந்தார்கள். ஸீனா அக்காலத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் வாள்வீராங்கனை. அவளைக் கொண்டாடிய பெண்களுக்கு அது கண்சாடை. மற்றவர்களுக்கு வெறும் நம்பர். ‘இனிமேல் சுபாரு வாங்கமாட்டோம்’ என்று கண்டனக் கடிதங்கள் வந்தன. கொம்பனி பதிவுகளைப் புரட்டிப் பார்த்தது. எழுதியவர்களில் ஒருவரும் அதற்கு முன்பும் சுபாரு வாங்கியதில்லை!

இதற்கும் முன்னோடி அப்சொலூட் வொட்கா. 1981இலேயே ‘தி அட்வகேட்’ என்ற தன்பாலீர்ப்பினர் சஞ்சிகையில் காசு கொடுத்து விளம்பரம் போட்டது. 1994இல் தளபாடக் கொம்பனி ஐக்கியா, இரண்டு ஆண்கள் சேர்ந்து சாப்பாட்டு மேசை வாங்குவதைக் காட்டியது. கடையொன்றுக்குக் குண்டு மிரட்டல் வந்தது.

இந்தியாவுக்கு வருவோம். ஓசூரில் தொழிற்சாலை கொண்ட கைக்கடிகாரக் கொம்பனி டைட்டனின் ஃபாஸ்ட்ராக், 2013இல் ஒரு விளம்பரத்தில் அலுமாரிக்குள்ளிருந்து இரண்டு பெண்களை வெளியே வரவைத்தது. அதே ஆண்டு டிசெம்பரில்தான் அங்கே உச்ச நீதிமன்றம், தன்பாலுறவைக் குற்றமாக்கும் 377ஆம் பிரிவுக்கு மறுபடி உயிர் கொடுத்தது.

2017இல் வந்த விக்ஸ் விளம்பரத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். விடுதிப் பள்ளிக்கு பஸ்ஸில் போகும் சிறுமி, தன்னை வளர்த்த அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வருகிறாள். மகள் டொக்டராக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. மகளோ அம்மாவுக்காகவே சட்டம் படிக்கப் போகிறாள். அந்த அம்மா, மும்பைத் திருநங்கை கௌரி சாவந்த். கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் வியாபாரி கண் வைத்தது யார்மேல்? திருநங்கையைக் காட்டி விற்றது மற்ற அம்மாக்களுக்கு. சுபாரு அந்தப் பெண்களோடு பேசியது. நம் பக்கத்து விளம்பரங்கள் இவர்களைப் பற்றி ஊராரிடம் பேசுகின்றன. அதுவும் எதிர்ப்பு வரும்வரைக்கும்தான். 2018இல் 377 வலுவிழந்த பிறகும், கணவனுக்காக மனைவி பிடிக்கும் கர்வா சௌத் விரதத்தில் இரண்டு பெண்கள் சல்லடை வழியே ஒருவரையொருவர் பார்க்கும் விளம்பரத்தை, ஒரு மாநில அமைச்சர் மிரட்டியதும் 2021இல் டாபர் விலக்கிக்கொண்டது.

இலங்கையில், வலையிறவுப் பாலத்துக்கு மேற்கே வவுணதீவு வீடுகளிலும் இந்திய விளம்பரங்கள் டிஷ் வழியே வந்து விழுகின்றன. இலங்கைக் கொம்பனிகள் இந்த விடயத்தில் வாய் திறப்பது அரிது. தன்பாலுறவைக் குற்றமாக்கும், 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. 1995இல் அவற்றைத் திருத்தப் போய், அதுவரை தப்பியிருந்த பெண்களையும் 365ஏக்குள் இழுத்துவிட்டார்கள்.

இந்த நிலையில்தான் 2025 செப்டெம்பரில், தன்பாலீர்ப்பினரான சுற்றுலாப் பயணிகளை வரவேற்கும் ‘ஈக்குவல் கிரவுண்ட்’ அமைப்பின் திட்டத்துக்கு இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை ஆதரவுக் கடிதம் கொடுத்த செய்தி வெளிவந்தது. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை கடுமையாகக் கண்டித்தார். எனக்குத் தைப்பது வேறொன்று. டொலரோடு பாசிக்குடாவுக்கு வரும் சோடிக்கு வரவேற்பு. அதே மாவட்டத்தில், வவுணதீவில் பிறந்த பிள்ளைக்கு 365ஏ. விருந்தாளிக்கு விரிக்கிற பாயை வீட்டுப் பிள்ளைக்கும் விரிக்கக் கூடாதா?

அந்தப் பிரிவுகளை மாற்ற 2023இல் பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தார். அது அரசியலமைப்புக்கு முரணல்ல என்று உயர் நீதிமன்றமும் சொன்னது. வாக்கெடுப்புக்கு வருமுன்பே 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்தது. சட்டமூலமும் அதோடு காலாவதியானது.