காலி உறைக்கு யார் விலை கொடுப்பது?

பேக்கேஜிங் கழிவைப் பற்றிய விவாதம் தமிழ்நாட்டில் பெரும்பாலும் பொருளின் பெயரிலேயே நடக்கிறது: பிளாஸ்டிக் கெட்டது, காகிதமும் துணியும் நல்லவை. 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பிளாஸ்டிக் தடையும், 2021 டிசம்பரில் தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் இந்தப் பார்வையில் பிறந்தவை. அவற்றின் பயனை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஓர் உறை குப்பையில் சேர்வதும் சேராததும், அது காலியான பின் யாராவது அதற்கு விலை கொடுக்கிறார்களா என்பதைப் பொறுத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். பால் பாக்கெட்டையும் ஷாம்பு பாக்கெட்டையும் அருகருகே வைத்தால் இது விளங்கும். பால் உறை பாலிஎத்திலீன் என்ற ஒரே வகைப் பொருளால் ஆனது. கழுவிச் சேர்த்து வைத்தால் பழைய பேப்பர் கடைக்காரர் எடைக்கு வாங்கிக்கொள்வார். ஷாம்பு உறையிலோ பாலியஸ்டர், அலுமினியப் பூச்சு, பாலிஎத்திலீன் ஆகியவை அடுக்கடுக்காக ஒட்டப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பிரிக்க ஆகும் செலவு, கிடைக்கும் பொருளின் மதிப்பை விஞ்சுகிறது. இரண்டும் பிளாஸ்டிக்தான், குப்பை பொறுக்குவோர் ஒன்றை எடுக்கிறார்கள், மற்றதைத் தாண்டிப் போகிறார்கள்.

இந்தச் சிற்றுறையின் வரலாற்றில் கடலூருக்குத் தனி இடம் உண்டு. ஷாம்புவைச் சிறு உறையில் விற்கும் முறையைப் பரவலாக்கிய சின்னிகிருஷ்ணன் அந்த ஊர்க்காரர். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் ‘சிக்’ ஷாம்புவைத் தொடங்கினார். அதன் வளர்ச்சிக்கு உதவிய உத்திகளில் ஒன்று நம் விவாதத்துக்கு மிக வேண்டியது: காலி ஷாம்பு உறைகள் சிலவற்றைக் கடையில் கொடுத்தால் ஒரு ‘சிக்’ உறை இலவசம். அது சந்தையைப் பிடிக்கும் தந்திரம், சூழல் அக்கறை அங்கே பேச்சே இல்லை. இருந்தும் மக்கள் காலி உறைகளைச் சேர்த்துக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். கைக்குள் அடங்கும் சிறு உறையைத் திரும்பச் சேகரிக்கவே முடியாது என்று இன்று தொழில்துறை சொல்வதற்கு, அந்தத் தொழிலின் சொந்த வரலாறே மறுப்பாக நிற்கிறது.

சட்டம் இதை ஒருமுறை நெருங்கி வந்து விலகியது. 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சிக்கு ஆகாத பல அடுக்கு உறைகளை இரண்டாண்டுக்குள் ஒழிக்கச் சொன்னன. கெடு முடியும் தறுவாயில், 2018 மார்ச்சில், ஒரு திருத்தம் வந்தது: மறுசுழற்சிக்கும் ஆகாத, எரித்து ஆற்றல் பெறவும் ஆகாத, வேறு எந்தப் பயனும் இல்லாத உறைகள் மட்டுமே ஒழிக்கப்பட வேண்டியவை. எரியாத பிளாஸ்டிக் ஏது? சில சொற்களின் சேர்க்கையில் விதி வெறும் கூடாகிவிட்டது. 2022 பிப்ரவரியில் வந்த உற்பத்தியாளர் பொறுப்பு வழிகாட்டுதல்கள் மறுசுழற்சிக்கு இலக்குகள் வைத்தன. ஆனால் அந்தப் பொறுப்பைச் சான்றிதழ் வாங்கியே கழித்துவிடலாம். 2023-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மறுசுழற்சி ஆலைகளைச் சோதித்தபோது லட்சக்கணக்கில் போலிச் சான்றிதழ்கள் சிக்கின. உறை திரும்பி வராமலே, வந்ததாக எழுதும் தாள் விற்பனையாகியிருந்தது.

நீலகிரியில் நடந்தது இதற்கு நேர்மாறு. காடுகளில் வீசப்பட்ட மதுப் புட்டிகளால் யானை முதலிய விலங்குகள் காயப்படுவதைக் கண்டு சென்னை உயர் நீதிமன்றம் தலையிட, 2022 மே 15 முதல் அங்குள்ள டாஸ்மாக் கடைகளில் புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. விற்ற புட்டிகளில் மிகப் பெரும்பகுதி திரும்பியது. திட்டம் வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது. குடித்தவரின் சூழல் உணர்வு ஓரிரு மாதத்தில் உயர்ந்துவிட்டதாக யாரும் நம்பமாட்டார்கள். அவர் வீசினாலும் வேறொருவர் எடுத்து வந்தார். அதுவே போதுமானதாக இருந்தது. இடமும் ஆளும் போதவில்லை என்ற கடை ஊழியர்களின் எதிர்ப்பில் நியாயம் உண்டு. திரும்பு வழிக்கு ஆகும் உழைப்பை யார் தலையில் கட்டுவது என்ற கேள்விதான் அது. அதற்கான பதில், உறையை வடிவமைத்து லாபம் பார்ப்பவர் என்பதாகவே இருக்க முடியும்.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஏழையின் பையிலிருந்து வருகிறது. ஒரு ரூபாய்க்கு ஷாம்பு வாங்குபவரிடம் முழுப் புட்டி வாங்கச் சொல்வது கொடுமை. சில்லறையாக அளந்து விற்பதும் எளிதல்ல: 1998-இல் டெல்லியில் கலப்படக் கடுகெண்ணெயால் பலர் இறந்த பிறகே சமையல் எண்ணெயைச் சில்லறையாக விற்பதற்குக் கட்டுப்பாடு இறுகியது. உறை என்பது கலப்படத்துக்கு எதிரான காவலும்கூட. எடை குறைந்த உறையை ஏற்றிச் செல்ல எரிபொருள் குறைவு என்பதும் உண்மை. கண்ணாடிப் புட்டி பலமுறை, குறைந்த தூரத்துக்குள் சுழன்றால்தான் அதை வெல்லும். இவை அனைத்தையும் ஏற்கிறேன். ஆனால் இவை சிறு உறை தேவை என்று நிறுவுகின்றனவேயன்றி, பிரிக்க முடியாத அடுக்குகளால் அதைச் செய்ய வேண்டும் என்று நிறுவவில்லை. அலுமினிய அடுக்குள்ள பற்பசை டியூபுக்கு மாற்றாக ஒரே வகைப் பாலிஎத்திலீன் டியூபை கால்கேட் 2019-இல் கொண்டுவந்து, அதன் நுட்பத்தைப் போட்டியாளர்களுக்கும் திறந்துவைத்தது. மணமும் ஈரமும் காக்க வேறு வழியில்லை என்ற வாதம் அதோடு பாதி வலுவிழந்தது.

நீலகிரி முறையை அப்படியே ஷாம்புக்குப் பொருத்த இயலாது. ஒரு ரூபாய் உறைக்கு எவ்வளவு முன்பணம் வைப்பது? 25 காசு நாணயமே 2011-இல் செல்லாததாகிவிட்டது. ஆகவே சிற்றுறைக்கான விலை எடைக் கணக்கில் வரவேண்டும்: உற்பத்தியாளர் செலுத்தும் தொகை, சான்றிதழ்ச் சந்தைக்குப் போகாமல், காலி உறையைக் கிலோவாகக் கொள்முதல் செய்யும் பழைய பொருள் கடைகளுக்குப் போக வேண்டும். அது பொறுக்குவோரின் கைக்கு எட்டும் அளவு இருந்தால் உறை தெருவில் கிடக்காது. இதற்கு முன்னதாக 2018-இல் சேர்த்த சொற்களை நீக்கி, பல அடுக்கு உறைக்கு மீண்டும் கெடு வைக்க வேண்டும். ஈரமும் ஒளியும் பட்டால் கெடும் மருந்துகளின் உறைகளுக்கு மட்டும் விலக்கு இருக்கலாம். சிப்ஸுக்கும் ஷாம்புக்கும் அந்த விலக்கைக் கேட்க ஒரு காரணமும் இல்லை.