ஆல் பாஸ் ஆன கதை

போன வாரம் பரண் மேல் கிடந்த பழைய புத்தகங்களை எடைக்குப் போட இறக்கினோம். எல்லாம் கிழிந்து, அட்டை போய், மீசை வரைந்த தலைவர்களோடு இருந்தன. தங்கச்சியின் ஏழாம் வகுப்புப் புத்தகங்கள் மட்டும் பள்ளியில் கொடுத்த அன்று இருந்த மாதிரியே புத்தம் புதுசு.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. அவள் ஏழாம் வகுப்பு "படித்தது" 2020-21ல். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் ஏழாம் வகுப்புக்காக எந்தப் பள்ளியும் திறக்கவில்லை. ஒரு நாள் கூட! வரலாறு என்றால் சோழர் காலம்தான் என்று நினைக்கிறோம். இதுவும் வரலாறுதானே? மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

கதை கொரோனாவுக்கு முன்பே தொடங்குகிறது. 2009ல் வந்த கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயிலாக்கக் கூடாது. 2019 ஜனவரியில் நாடாளுமன்றம் அதைத் திருத்தி, 5லும் 8லும் நிறுத்தி வைக்கலாம் என்றது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசும் அந்த இரண்டு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு என்று உத்தரவு போட்டது. நான் அப்போது எட்டாவது. களமருதூரில் எங்கள் தெருப் பையன்கள் எல்லோருக்கும் வயிற்றில் புளி. எதிர்ப்பு பெரிதாகி, 2020 பிப்ரவரி 4 அன்று தேர்வு ரத்தானது. அன்றைக்கு நாங்கள் போட்ட ஆட்டம் இருக்கிறதே... சரியாக ஆறு வாரத்தில் பள்ளிக்கூடமே மூடிவிட்டது.

மார்ச் 25ல், முதல்வராக இருந்த எடப்பாடி பழனிசாமி 1 முதல் 9 வரை எல்லோரும் தேர்ச்சி என்றார். ஊரே "ஆல் பாஸ், ஆல் பாஸ்" என்றது. யோசித்துப் பார்த்தால், எட்டாவது வரை நாங்கள் எப்படியும் பாஸ்தான். உண்மையில் தப்பித்தவர்கள் ஒன்பதாவது அண்ணன்கள். ஜூன் 9 அன்று பத்தாவதும் ரத்து. காலாண்டு, அரையாண்டுக்கு 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம் என்று மதிப்பெண் போட்டார்கள். அரையாண்டை அலட்சியமாக எழுதியவர்கள் தலையில் கை வைத்துக் கொண்டார்கள். (காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் சொல்கிறேன், இடைக்காலக் கணக்கை வைத்தே ஆண்டுக் கணக்கை முடித்த கதைதான்!)

பாடம்? 2019 ஆகஸ்ட் 26ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி கைகொடுத்தது. அரசு கேபிளில் 200வது சேனல். வகுப்புவாரியாக நேரம் ஒதுக்கி ஒளிபரப்பினார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. எங்கள் வீட்டில் ஓடியது, 2006 ஆட்சிக்குப் பிறகு இலவசமாகக் கொடுத்த கலர் டிவி. அப்போது "டிவி கொடுத்தா படிப்பு கெட்டுடும்" என்று பேசியவர்கள் நிறைய. பதினான்கு வருஷம் கழித்து அதில்தான் பாடமே வந்தது. ஸ்மார்ட்போன் ஒரு வீட்டுக்கு ஒன்று இருந்தாலே பெரிது, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும்.

ஆனால் டிவியிடம் சந்தேகம் கேட்க முடியாது. தங்கச்சி முதல் மாதம் நோட்டோடு உட்கார்ந்தாள். முழு எண்களில் எங்கோ தடுக்கியது. என்னிடம் கேட்டாள், நான் "அப்புறம் சொல்றேன்" என்றேன். இரண்டாம் மாதம் நோட்டு இல்லை. மூன்றாம் மாதம் சேனலே மாறிவிட்டது. இதை எழுதும்போது கொஞ்சம் உறுத்துகிறது.

மலையில் இன்னும் மோசம். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வரும் என் கல்லூரித் தோழன் சொன்னது: உண்டு உறைவிடப் பள்ளியை மூடியதும் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். சிக்னலுக்காகப் பாறை மேல் ஏறி நின்றவர்கள் சிலர், பெற்றோரோடு கூலி வேலைக்குப் போனவர்கள் பலர். அவனோடு படித்த இருவர் திரும்பவே இல்லையாம். பதிவேட்டில் அவர்களும் ஆல் பாஸ்தான்.

2021 பிப்ரவரி 25ல் 9, 10, 11க்கும் ஆல் பாஸ் அறிவித்தார்கள். எனக்கு இரண்டாவது முறை! 1 முதல் 8 வரை பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. அதற்கு சில நாள் முன்னால், அக்டோபர் 27ல், பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணம் ஒன்றியம் முதலியார்குப்பத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கி வைத்தார். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகையில் தன்னார்வலர்கள், சாயங்காலம் வீட்டருகிலேயே வகுப்பு.

எங்கள் தெருவுக்கும் அது வந்தபோது, தங்கச்சி எட்டாவது. வந்த அக்கா முதலில் எல்லோரையும் ஒரு கழித்தல் கணக்கு போடச் சொன்னார். தங்கச்சி சிலேட்டைப் பார்த்துக் கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாளாம். அக்கா திட்டவில்லை. "ஆறாவதிலிருந்து வருவோமா?" என்று மட்டும் கேட்டாராம்.

அந்த ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை மட்டும் எடைக்குப் போட வேண்டாம் என்று அவள் எடுத்து வைத்துக் கொண்டாள். எதற்கு என்று கேட்டேன். சொல்லவில்லை.