வரம்பு நடையும் நாரிப்பிடிப்பும்: கல்முனைக் கரையின் ஒரு பழக்கம்

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று எனத் தெற்கு நோக்கி நீளும் அம்பாறைக் கரையோர ஊர்கள், கிழக்கே கடலுக்கும் மேற்கே வயல்வெளிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் நெருங்கி அமைந்தவை. இந்நெருக்கத்துக்குத் தாய்வழிக் குடிமுறையும் ஒரு காரணமாகும். மகளுக்கு வீடும் வளவும் வயலும் சீதனமாகக் கொடுக்கப்பட, மணமகன் மனைவி வீட்டுக்கே குடிவரும் இவ்வழக்கில், தலைமுறைதோறும் வளவு துண்டாடப்பட்டு ஊருக்குள் வீடுகள் பெருகின. வயலோ ஊருக்கு அப்பாலேயே கிடந்தது. எனவே மனைவியின் சீதன வயலைச் செய்தவருக்கு நடை என்பது விருப்பத்துக்குரிய ஒன்றாக இருக்கவில்லை.

நெடுவழி நடைக்கும் இக்கரையில் மரபுண்டு. தவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டத்தை ஓட்டிய முஸ்லிம் வணிகர், உப்பையும் கருவாட்டையும் கண்டி இராச்சியத்துக்குக் கொண்டுசென்று பாக்கு முதலியவற்றுடன் திரும்பினர். மாட்டின் முதுகைப் பொதி பிடித்துக்கொண்டதால் மனிதர் நடந்தே போயினர். ஆங்கிலேயர் காலத்துப் பாதைகளும் வண்டிகளும் இத்தொழிலை ஒடுக்கின.

வட்டைக்கு, அதாவது வயல்கள் சேர்ந்த பெரும்பரப்புக்கு, போகும் நடையோ அதன் பின்னும் நெடுங்காலம் நீடித்தது. சாரனை முழங்கால்வரை தூக்கிக் கட்டி, மண்வெட்டியைத் தோளில் சாய்த்து, செருப்பில்லாக் காலுடன் ஒடுங்கிய வரம்பில் போகிறவர், மாரி ஈரத்தில் களி வழுக்குமிடத்தில் பெருவிரலை மண்ணில் ஊன்றி அடியைச் சுருக்கி வைக்க வேண்டும். எட்டி வைத்தால் வாய்க்காலில்தான் விழ நேரும். கச்சான் எனும் வெப்பமான மேல்காற்று வீசும் மாதங்களில், சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு புறப்படுவதே உசிதம். போன இடத்தில் வாடி எனப்படும் வயற்குடிசை இளைப்பாற இடம் தந்தது. இந்நடையில் இன்பமும் இருந்தது என்பதற்கு, வாடியும் வட்டையும் காவற்பரணும் திரும்பத் திரும்ப வரும் நாட்டார் கவிகளே போதிய சான்று.

உடல் இதற்கு விலை கொடுக்காமலில்லை. குனிந்து வேலை செய்வதால் நாரிப்பிடிப்பு எனும் இடுப்புவலியும், நீண்ட நடையால் கெண்டைக்கால் உளைவும், ஓயாத ஈரத்தால் விரலிடுக்கில் சேற்றுப்புண்ணும் வந்தன. பரிசாரி எனப்பட்ட நாட்டு வைத்தியர், சித்த மரபுப்படி இத்தகைய நோவுகளை வாதக் குற்றமாகக் கொண்டு, எண்ணெய் தடவி நொச்சி இலை ஒத்தணம் கொடுப்பார். தொழுகைக்கு முன் வுழூச் செய்கையில் கால்விரல்களின் இடுக்கைக் கோதிக் கழுவுவது மார்க்கக் கடமையின் பகுதியேயன்றி வைத்தியமன்று. எனினும் சேற்றில் நின்ற காலுக்கு அது அழுக்ககற்றும் பராமரிப்பாகவும் அமைந்தது.

இப்பழக்கத்தைச் சூழ்ந்த நிலைமைகள் பின்னர் மாறலாயின. பட்டிப்பளை ஆற்றை மறித்த கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியது. மட்டக்களப்பின் தென்பகுதியாயிருந்த அம்பாறை, 1961இல் தனி மாவட்டமானது. அதே ஆண்டின் ஆயுள்வேதச் சட்டம் சித்த, யூனானி வைத்தியங்களையும் தன்னுள் அடக்கிப் பரிசாரியின் தொழிலையும் தழுவியது. பின்னர் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் நடையைக் குறைத்தன. இருசில்லு உழவு இயந்திரம் ஏர் பிடித்த கையை விடுவித்தபோதிலும், அதன் அதிர்வு நாரியை விட்டுவைக்கவில்லை.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரையான மிதமான உடலுழைப்பை உலக சுகாதார நிறுவனம் 2020இல் வளர்ந்தோருக்குப் பரிந்துரைத்தது. மூன்று மைல் தொலைவிலுள்ள வயலுக்குப் போய்வர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் செல்லுமாகையால், பழைய விவசாயி அதன் கீழெல்லையை இரண்டாம் நாளிலேயே கடந்திருப்பார்; அவருக்குக் குறைந்தது ஓய்வே. நீரிழிவுக்கு வைத்தியர் சொன்னதற்காக மாலையில் கடற்கரையில் நடக்கும் அவருடைய பேரனுக்கு ஓய்வு தாராளமாக இருக்கிறது. ஆனால் புதையும் மணலில் விரைந்து நடந்தால் பேரனுக்கும் கெண்டைக்கால் உளையும். அலை நனைத்து இறுகிய மணலே காலுக்கு இலகுவானது.