மீக்கதிர்வீச்சு: ஒரு கணிப்பின் வரலாறு

நெருங்கி அமைந்த கிளர்வுற்ற அணுக்கள் தனித்தனியே ஒளிராமல், ஒன்றுசேர்ந்து ஒரே வீச்சாக ஒளியை உமிழ்வது மீக்கதிர்வீச்சு ஆகும். சூப்பர்ரேடியன்ஸ் என்றும் இது அழைக்கப்படுகிறது.

கிளர்வுற்ற அணு எப்போது ஒளியை விடும் என்பது தற்செயலானது. பக்கத்து அணுவுக்கு அதில் பங்கில்லை என்றே பொதுவாகக் கருதப்பட்டது. 1954இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் இராபர்ட் டிக்கி, 'பிசிக்கல் ரிவியூ' இதழில் இதை மறுத்தார். ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய இடத்தில் பல அணுக்கள் இருந்தால், வெளிவந்த ஒளித்துகள் எந்த அணுவுடையது என்று பிரித்தறிய முடியாது. எனவே அவை ஒரே குவாண்டம் அமைப்பாக இயங்கும். தனித்தனியே ஒளிரும்போது ஒளிச்செறிவு அணுக்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். சேர்ந்து ஒளிரும்போது அந்த எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் உயரும். ஆற்றல் கூடுதலாக எங்கிருந்தும் வருவதில்லை. இருக்கும் ஆற்றலே மிகக் குறுகிய நேரத்தில் கொட்டித் தீர்கிறது, அவ்வளவுதான்.

லேசரிலும் அணுக்கள் ஒத்திசைந்தே ஒளிர்கின்றன. ஆனால் அங்கே அவற்றை இணைப்பது, கண்ணாடிகளுக்கிடையே திரும்பத் திரும்பச் சென்றுவரும் ஒளி. மீக்கதிர்வீச்சுக்குக் கண்ணாடியே தேவையில்லை. (முதல் லேசர் 1960இல் ஒளிர்வதற்கு முன்பே, 1958இல், அத்தகைய கண்ணாடி அமைப்புக்கான காப்புரிமையையும் டிக்கியே பெற்றிருந்தார் என்பது பலர் அறியாதது.)

கணிப்பு மெய்ப்பட 19 ஆண்டுகள் ஆயின. அணுக்களை நெருக்கினால் அவற்றின் மோதல்களும் ஒன்றன்மீது ஒன்று செலுத்தும் விசைகளும் ஒத்திசைவைக் குலைத்துவிடும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மைக்கேல் ஃபெல்ட் குழுவினர் இதற்கு மாற்றுவழி கண்டனர். நெருக்கத்தைக் கைவிட்டு, நீண்ட குழாயில் மிகக் குறைந்த அழுத்தத்தில் ஐதரசன் புளோரைடு வளிமத்தை நிரப்பி, லேசர் துடிப்பால் அதைக் கிளர்வூட்டினர். சற்று நேரம் எதுவும் நிகழவில்லை. பின்னர் தொலை அகச்சிவப்புக் கதிர் ஒரே வீச்சாகப் பாய்ந்தது. தனி மூலக்கூறு வினாடிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் உமிழ்வு, வினாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவிலான நேரத்தில் முடிந்தது. 1973இல் முடிவுகள் வெளியாயின. அந்தத் தாமதமே முக்கியச் சான்று: அணுக்களோ மூலக்கூறுகளோ ஒத்திசைவுக்கு வர எடுத்துக்கொள்ளும் நேரம் அது.

இது ஒருமுறை பாய்ந்து அடங்கும் ஒளி. இதைத் தொடர்ந்து ஒளிரச் செய்ய முடியும் என்பதை 2012இல் அமெரிக்காவின் கொலராடோவிலுள்ள ஜிலா ஆய்வகம் சுமார் பத்து இலட்சம் ருபீடியம் அணுக்களைக் கொண்டு காட்டியது. அந்த லேசரின் கண்ணாடிகளுக்கிடையே இருந்த ஒளித்துகள்கள் சராசரியாக 0.2க்கும் குறைவு. ஒத்திசைவு ஒளியில் அல்லாமல் அணுக்களிலேயே தங்கியிருப்பதால், கண்ணாடிகளின் நுண்ணதிர்வு ஒளியின் அதிர்வெண்ணை மிகக் குறைவாகவே பாதிக்கிறது. அணுக் கடிகார ஆய்வாளர்கள் இவ்வகை லேசரை நாடுவதற்குக் காரணம் இதுவே.