வருஷ வாடகை 614 ரூபாய்!

பௌர்ணமி அன்று திருவண்ணாமலைக்குப் போய், ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலையில் ராத்தங்க ஓர் அறை கேட்டிருக்கிறீர்களா? அவர்கள் சொல்லும் தொகையைக் கேட்டால், கிரிவலம் முடித்த கையோடு பஸ் ஏறிவிடலாம் என்று தோன்றும்! அந்தத் தொகையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு என்னோடு சென்னைக்கு வாருங்கள்.

கிண்டியில், 160 ஏக்கர் 86 சென்ட் சர்க்கார் நிலம். வாடகை 614 ரூபாய் சொச்சம். மாசத்துக்கு இல்லை சார்... வருஷத்துக்கு! கணக்குப் போட்டால் ஏக்கருக்கு நாலு ரூபாய்கூடத் தேறாது.

வாடகைதாரர், மெட்ராஸ் ரேஸ் கிளப். கிண்டியில் குதிரைகள் ஓட ஆரம்பித்தது 1777-ல் என்பார்கள். கிளப் பிறந்தது 1896-ல். குத்தகை அமலுக்கு வந்தது 1945 ஏப்ரல் 1-ம் தேதி. வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்ட இரண்டே வருஷம் பாக்கி இருந்த நேரம்! ஆனால், பத்திரத்தில் எழுதிக் கொடுத்ததோ 99 வருஷம். அதாவது 2044 வரை.

அப்புறம் நம்மவர்கள் ஆட்சி வந்தது. 1974-ல் கலைஞர் அரசு, குதிரைப் பந்தயமே கூடாது என்று சட்டம் போட்டது. எத்தனையோ குடும்பங்கள் ரேஸில் தாலிக்கொடி வரை தோற்றிருந்த காலம் அது. கிளப் கோர்ட்டுக்குப் போனது. குதிரைகள் ஓடிக்கொண்டே இருந்தன. 1986-ல் எம்.ஜி.ஆர். அரசு கிளப்பையே கையகப்படுத்த இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. 1996-ல் சுப்ரீம் கோர்ட், 'குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, திறமை சார்ந்த விளையாட்டு' என்று சொல்லிவிட்டது. முதல் சட்டம் பந்தயத்தைத் தொடாது. இரண்டாவது சட்டம் செல்லாது!

இருபத்திரண்டு வருஷம் சூதா, திறமையா என்று நடந்த இந்தச் சண்டையின் சத்தத்தில், 'அது யார் நிலம், என்ன வாடகை?' என்ற கேள்வி ஜனங்களின் காதில் விழவே இல்லை. ஆபீஸ் ஃபைல்களில் மட்டும் அது ஊர்ந்துகொண்டிருந்தது. 1970 டிசம்பர் முதல் 2004 மார்ச் வரைக்கும் உயர்த்தப்பட்ட வாடகை பாக்கி என்று சர்க்கார் கேட்ட தொகை 730 கோடியே 86 லட்சம்!

"வாடகையை உயர்த்தலாம் என்று பத்திரத்தில் ஷரத்தே இல்லையே" என்றது கிளப். சட்டப்படி பார்த்தால் சாமானிய வாதமல்ல. ஆனால், 2023 மார்ச்சில் நீதிபதி எஸ்.எம்.சுப்பிரமணியம் அதை ஏற்கவில்லை. ஒரு மாதத்தில் பணத்தைக் கட்டச் சொன்னார். 2004-க்குப் பிந்தைய பாக்கி என்று பேசப்பட்ட தொகையோ, 12 ஆயிரம் கோடிக்கும் மேல்! கிளப்பை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. இத்தனை காலம் இதைக் கிடப்பில் போட்டுவைத்த வீட்டுக்காரரை என்ன சொல்வது?

இது நம் ஊர் வியாதி மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். பொதுச் சொத்தைக் குத்தகைக்கு விடும் தலைவலி அமெரிக்காவிலும் உண்டு. நியூ ஹாம்ஷயர் மாநிலம் தனக்குச் சொந்தமான சுனாபி மலைப் பனிச்சறுக்குத் தளத்தை 1998-ல் தனியாரிடம் விட்டது. பூங்கா நிலத்தைக் கொடுக்கலாமா என்று அங்கேயும் வருஷக்கணக்கில் ரகளைதான். ஆனால் ஒரு சூட்சுமம் செய்தார்கள்: அடிப்படை வாடகையோடு, தளத்தின் வருமானத்தில் ஒரு பங்கும் அரசுக்கு. கூட்டம் கூடினால் வாடகையும் தானே கூடும்!

நமக்கோ, பூட்டு போடுவதுதான் வழியாக இருந்தது. ஊட்டியில் 1886 முதல் பந்தயம் நடந்த மைதானம், 52 ஏக்கர் சொச்சம். குத்தகை முடிந்தது 1978-ல். 822 கோடி பாக்கி என்று சொல்லி சர்க்கார் அதை மீட்டது 2024 ஜூனில்! அதே வருஷம் செப்டம்பரில் கிண்டிக் குத்தகையும் ரத்தாகி, சீல் விழுந்தது. கிளப் மறுபடி கோர்ட் படியேறியது. லாயத்தில் குதிரை தேய்க்கும் தொழிலாளர்கள், அடுத்த மாசச் சம்பளத்துக்கு யாரிடம் போவது என்று நின்றார்கள்.

அக்டோபரில், கிண்டி நிலத்தில் 118 ஏக்கரைப் பூங்காவுக்காகத் தோட்டக்கலைத் துறையிடம் ஒப்படைத்து உத்தரவு வந்தது.